ஜெர்ஸி மேல் என்ன கோபம்?

உங்கள் கைபேசிக்கும் அது வந்திருக்கும். ‘ஜெர்ஸி என்பது பசுவே அல்ல. பன்றியின் மரபணுவைக் கலந்து வெள்ளைக்காரன் ஆய்வுக்கூடத்தில் செய்த பிராணி. அதன் பாலைக் குடித்துத்தான் நம் பிள்ளைகளுக்குச் சர்க்கரை வியாதி வருகிறது. தமிழனாக இருந்தால் பகிரவும்.’ 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது இந்தச் சேதிக்கு இறக்கை முளைத்தது. இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தப் பன்றியை ஓட்டிவிடலாம். பன்றிக்கு குரோமோசோம் 38. பசுவுக்கு 60. காங்கேயத்துக்கும் 60, ஜெர்ஸிக்கும் 60. பன்றியும் பசுவும் கலந்து குட்டி போடாது. சரி, ஊசி வழியாக மரபணுவைச் செருகியிருப்பார்களோ என்றால், விலங்குகளில் அந்த வித்தை கைவந்ததே 1970-களுக்குப் பிறகுதான். ஜெர்ஸியின் வம்சாவளிப் பதிவேடு 1866-ல் தொடங்குகிறது. கணக்கு உதைக்கிறது இல்லையா?

திமில் இல்லையே, அலைதாடி இல்லையே, அது எப்படிப் பசு என்பார்கள். காட்டில் திரிந்த ஒரே மூதாதை மாட்டின் இரண்டு கிளைகள் இவை. மேற்கு ஆசியாவில் மனிதன் பழக்கிய கிளைக்குத் திமில் இல்லை. சிந்துவெளிப் பக்கம் பழக்கிய கிளைக்குத் திமில் உண்டு. வீட்டு மாடாகப் பழகுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு கிளைகளும் பிரிந்துவிட்டன. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை உறவு. ஜாடை வேறு, அவ்வளவுதான்.

இந்த வதந்தியைத் தட்டிவிடுவது சுலபம். எனக்குக் குறை வேறு இடத்தில். ஜெர்ஸியைத் திட்டுகிறவர்களும் சரி, ‘பால் மெஷின் ஸார்’ என்று மெச்சுகிறவர்களும் சரி, அந்த மாடு எங்கிருந்து வந்தது, அதை யார் எப்படி உருவாக்கினார்கள் என்று கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் நம் நாட்டு மாடுகளுக்கே உபயோகமான ஒரு பாடம் கிடைத்திருக்கும்.

ஜெர்ஸி என்பது ஓர் ஊர். ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் மகுடத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு குட்டித் தீவு. பரப்பு 120 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சென்னை மாநகராட்சியில் கால் பங்கைவிடச் சற்றே பெரிது. தனக்கென்று ஒரு சட்டசபை வைத்திருக்கிறது. கிரிக்கெட் வீரர்கள் முதுகில் பெயர் போட்டு மாட்டிக்கொள்கிறார்களே ஜெர்ஸி, அந்தச் சட்டையின் பெயர் இந்தத் தீவின் பின்னல் வேலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருக்கும் நியூ ஜெர்ஸிக்குப் பெயர் கொடுத்ததும் இதே ஊர்தான். இந்த அளவு தீவு உலகத்துக்கு இத்தனை ஏற்றுமதி செய்திருப்பது ஆச்சரியம்தான்.

அங்கே நிலம் குறைவு. வயல்கள் கைக்குட்டை சைஸ். மாட்டை அவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் தோட்டத்தில் நிற்கும். அதனால் சங்கிலியில் கட்டி, முளை அடித்து, புல் தீரத் தீர இடம் மாற்றி மேய்த்தார்கள். ஆளுயரத்துக்கும் மேல் வளரும் ஒரு வகைக் கோஸ் பயிரிட்டு இலையை மாட்டுக்குப் போட்டார்கள். தண்டைக் காயவைத்துக் கைத்தடி செய்து விற்றார்கள். குளிரில் மாட்டுக்குக் கோட்டு போட்டுவிட்டார்கள். வீட்டுப் பெண்ணைப்போல வளர்த்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

நிலம் குறைவு என்றால் மாடும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். ஜெர்ஸிப் பசு 400 முதல் 500 கிலோ எடை. கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட ஹோல்ஸ்டீன் ஃப்ரீஸியன் 650 கிலோவைத் தாண்டும். ஜெர்ஸியின் நிறம் பெரும்பாலும் மான் நிறம். நெற்றி நடுவில் குழிந்த முகம், பெரிய கண்கள், கறுப்பு மூக்கு, மூக்கைச் சுற்றி மாவைத் தொட்டு வைத்த மாதிரி வெள்ளை வளையம். பால் அளவில் ஹோல்ஸ்டீனுக்கு ஈடு கொடுக்காது. ஆனால் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 5 சதவிகிதம். அந்தக் காலத்தில் பாலை வெளியூருக்கு அனுப்ப முடியாது, கெட்டுவிடும். வெண்ணெயை அனுப்பலாம். எனவே வெண்ணெய்க்கான மாடாகவே அதை வளர்த்தெடுத்தார்கள்.

அந்தப் பாலும் வெண்ணெயும் லேசாக மஞ்சள். புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டினில் ஒரு பகுதியை ஜெர்ஸி மாற்றாமல் அப்படியே பாலுக்கு அனுப்பிவிடுகிறது. எருமை அதை வைட்டமின் ஏ ஆக்கிவிடுவதால் எருமைப்பால் வெள்ளை வெளேர். மஞ்சளாக இருப்பதால் ஏதோ கலப்படம் என்று பதற வேண்டாம்.

குறைகளும் உண்டு. கன்று போட்டதும் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி மாடு படுத்துவிடும் ‘பால் காய்ச்சல்’ மற்ற இனங்களைவிட ஜெர்ஸிக்கு அதிகம் வரும். பசு சாது. காளையோ முன்கோபி. முதுகைக் காட்டாதே என்றுதான் பண்ணைக்காரர்கள் எச்சரிப்பார்கள். உடம்பில் சதை குறைவு என்பதால் ஆண் கன்றுக்கு இறைச்சிச் சந்தையிலும் மவுசு இல்லை. எந்த இனமும் வரமாகவே வந்து இறங்குவதில்லை. எதையோ பெற எதையோ விட்டிருப்பார்கள்.

இனிமேல்தான் விஷயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்ஸி மாட்டுக்கு இங்கிலாந்தில் நல்ல விலை. தீவிலிருந்து போகும் மாட்டுக்குச் சுங்கமும் கிடையாது. சும்மா இருப்பார்களா வியாபாரிகள்? பிரான்ஸிலிருந்து மலிவான மாட்டைப் படகில் கொண்டுவந்து இறக்கி, ‘இது ஜெர்ஸி’ என்று சொல்லி இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள். தீவுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1763-ல் தடை. அது போதவில்லை என்று 1789-ல் கடுமையான சட்டம். வெளிமாடு கொண்டுவந்தால் அபராதம். படகு பறிமுதல். தெரிந்தும் சொல்லாமல் இருந்த மாலுமிக்கும் அபராதம். மாட்டை அங்கேயே வெட்டி இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்!

இதே 1789-ல் பக்கத்து பிரான்ஸில் மக்கள் பாஸ்டில் சிறையை உடைத்தார்கள். ஜெர்ஸிக்காரர்கள் கொட்டில் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவு இருநூறு வருஷத்துக்கு மேல் திறக்கவே இல்லை.

கதவைச் சாத்தினால் மட்டும் நல்ல மாடு வந்துவிடாது. உள்ளே இருக்கும் மாடுகளில் எது நல்லது, எதன் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தெரிய வேண்டும். 1833-ல் விவசாயச் சங்கம் தொடங்கினார்கள். ஜான் லெ கூட்டர் என்ற ராணுவ அதிகாரி அதன் முன்னணி ஆள். 1834-ல் மாட்டுக்கு மார்க் போடும் அட்டவணை தயார். மடிக்கு இவ்வளவு, முதுகுக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று நம் பத்தாம் வகுப்பு மாதிரி. 1866-ல் வம்சாவளிப் பதிவேடு. எந்தப் பசு, யாருக்குப் பிறந்தது, எந்தக் காளையோடு சேர்ந்தது எல்லாம் ஏட்டில்.

எல்லாமே உத்தமமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மார்க் போடுவது என்று வந்ததும் அழகுப் போட்டி ஆகிவிட்டது. விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ் சீமான்களுக்கும் அமெரிக்கப் பணக்காரர்களுக்கும் வெள்ளைத் திட்டே இல்லாத ஒரே நிற ஜெர்ஸி வேண்டும், நாக்கும் வால் குஞ்சமும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்தது. நாக்கின் நிறத்துக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பெண் பார்க்கப் போய் நிறத்தை மட்டும் விசாரிக்கும் மாமியார்கள் எல்லா ஊரிலும் உண்டு. பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து எழுத ஆரம்பித்த பிறகே புத்தி தெளிந்தது.

ஆக, ஜெர்ஸி என்பது ஒரு தீவின் நாட்டு மாடு. நாம் காங்கேயத்துக்கு என்ன கேட்கிறோமோ அதையெல்லாம் அவர்கள் தங்கள் மாட்டுக்கு 230 வருஷத்துக்கு முன்பே சட்டமாகப் போட்டுவிட்டார்கள். அதைப் ‘பாரம்பரியத்தின் எதிரி’ என்று நாம் திட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறதல்லவா?

இது எப்படி நம் ஊருக்கு வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு பால் பற்றாக்குறை. நம் மாடுகளைப் பாருங்கள். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி. ஐந்துமே உழைப்புக்கான இனங்கள். ஏர் இழுக்க, வண்டி இழுக்க, கமலை இறைக்க. சேற்று வயலில் நாள் முழுக்க நடக்க உம்பளச்சேரி, மலைக்காட்டில் மேய்ந்து திரும்ப பர்கூர். காங்கேயத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்த பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு உண்டு. அவர்கள் தேடியதும் வலுவான காளையைத்தான். பால் என்பது கன்று குடித்தது போக வீட்டுக்கு இரண்டு, மூன்று லிட்டர். அது அந்த மாட்டின் குறை அல்ல. நாம் கேட்டது காளை, அது காளை கொடுத்தது.

பிறகு டிராக்டர் வந்தது, பம்பு செட் வந்தது, லாரி வந்தது. காளைக்கு வேலை போயிற்று. காளைக்காகவே வளர்த்த இனத்துக்குக் கொட்டிலில் இடம் போயிற்று. இந்த இடத்தில் எல்லோரும் ஜெர்ஸியைக் கைகாட்டுகிறார்கள். டிராக்டரை யாரும் திட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுகிறவரின் வீட்டு வாசலிலேயே அது நிற்கலாம்.

தமிழ்நாட்டு சமவெளிக்கு ஜெர்ஸி, நீலகிரி மாதிரி குளிர்ந்த மலைக்கு ஃப்ரீஸியன் என்று அரசு பிரித்தது. அதில் அர்த்தம் இருந்தது. நம் பசு சின்னது. பெரிய இனத்தின் கன்று அதன் வயிற்றில் வளர்ந்தால் பிரசவத்தில் திண்டாடும். ஜெர்ஸிக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோதான். தீனியும் குறைவு, வெயிலையும் ஃப்ரீஸியனைவிடக் கொஞ்சம் தாங்கும். இந்தியாவில் சினை ஊசி 1939-லேயே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டுவிட்டது. பிறகு உறைவிந்து வந்ததும் காளையே வேண்டாம், சைக்கிளில் ஒரு குடுவை போதும் என்றாயிற்று.

பலன் கிடைக்காமல் இல்லை. முதல் தலைமுறைக் கலப்புக் கிடேரி தாயைவிடப் பல மடங்கு பால் கறந்தது. நிலமே இல்லாத குடும்பங்களில் இரண்டு கறவை மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஜெர்ஸியைச் சபிக்கிறவர்கள் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் இரண்டாம் தலைமுறையில்தான் சிக்கல். ஹைப்ரிட் தக்காளியின் விதையை எடுத்து மறுபடி விதைத்தவர்களுக்கு இது புரியும். முதல் கலப்பில் வரும் வீரியம், கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் பாதியாகிவிடும். சரி, திரும்பத் திரும்ப ஜெர்ஸியையே போடுவோம் என்றால் சீமை ரத்தம் ஏறி ஏறி, மே மாத வெயிலில் மாடு நாக்கைத் தள்ளும். அதனால்தான் ஜெர்ஸி ரத்தம் பாதி, அதிகம் போனால் அறுபது சதவிகிதச் சொச்சத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நிபுணர்கள் சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் எந்த மாட்டுக்கு எத்தனை சதவிகிதம் என்று யாருக்குத் தெரியும்? ஏட்டில் எழுதியிருந்தால்தானே? ஊசி போட வந்தவர் கேட்பார், வீட்டுக்காரர் ‘ஜெர்ஸிங்க’ என்பார், முடிந்தது வம்சாவளி.

இன்னொன்று. காளை பால் கறக்காது. ஒரு காளை நல்ல காளையா என்று அறிய அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, கன்று போட்டு, கறக்க வேண்டும். அத்தனை மகள்களின் பாலையும் அளந்து எழுத வேண்டும். ஐந்தாறு வருஷ வேலை. சந்ததிச் சோதனை என்று பெயர். நம் ஊரிலும் இது நடக்கிறது. ஆனால் சினை ஊசியின் வேகத்துக்கு அளக்கும் வேலை ஈடு கொடுக்கவில்லை. நாட்டு இனங்களுக்கோ அதுவும் மிகச் சொற்பம். குஜராத்தின் கிர் பசு பிரேசிலுக்குக் கப்பலேறிப் போனது. அங்கே பாலை அளந்தார்கள், எழுதினார்கள், காளைகளைச் சோதித்தார்கள். அதை நல்ல கறவை இனமாக்கி உலகத்துக்கு விந்து விற்கிறார்கள். மாடு நம்முடையது, நோட்டு அவர்களுடையது.

ஜெர்ஸித் தீவு நமக்கு அனுப்பியதில் விந்துக் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டோம். கூடவே இருந்த நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டோம். என் புகார் இதுதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கலப்பின, அயலின மாடுகள் சுமார் 5 கோடி. நாட்டு இனமும் பெயர் தெரியாத ரகமும் சேர்ந்து 14 கோடி. அந்தப் ‘பெயர் தெரியாத’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நாட்டு மாட்டுக்காகக் கோஷம் போடும் தேசத்தில் பெரும்பாலான நாட்டு மாட்டுக்குப் பெயரே இல்லை.

பெயர் இல்லாத இடத்தில் விளம்பரம் புகுந்துகொள்ளும். ‘ஏ2 பால்’ பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணப் பாலைப்போல இரண்டு மடங்குக்கு விற்கிறார்கள். விஷயம் இதுதான். பாலில் பீட்டா கேசின் என்று ஒரு புரதம். 209 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 67-வது மணி ஹிஸ்டிடினாக இருந்தால் ஏ1, புரோலினாக இருந்தால் ஏ2. திமில் உள்ள மாடுகளும் எருமையும் பெரும்பாலும் ஏ2. சீமை மாடுகளில் இரண்டும் உண்டு. ஜெர்ஸியிலேயே முழு ஏ2 மாடுகள் ஏராளம். தனி மாட்டைச் சோதித்தால்தான் தெரியும், இனத்தைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது.

ஏ1 பாலால் சர்க்கரையும் இதய நோயும் வருமா? 2009-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. சிலருக்கு வயிறு உப்புசம் குறைகிறது என்று பிறகு வந்த சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவுதான். நம் ஊர் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ம் தேதி, ஏ1, ஏ2 என்று போட்டு விற்காதீர்கள் என்று உத்தரவு போட்டது. ஐந்தே நாளில், 26-ம் தேதி அதை வாபஸ் வாங்கியது. பால் திரிவதற்குக்கூட அதைவிட அதிக நேரம் கொடுப்போம், ஃப்ரிட்ஜில் வைத்தால்.

கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு நாட்டு மாடு வைத்திருப்பவருக்குப் போகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கிராமத்து சொசைட்டியில் பாலுக்குக் கொழுப்பையும் மற்ற சத்தையும் அளந்து காசு கொடுக்கிறார்கள். அங்கே ஏ2 என்று தனிக் கட்டம் இல்லை.

தீவின் கதை முடியவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்ததில் ஒரு விலையும் இருந்தது. வெளியே போன ஜெர்ஸி டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் அறிவியல் தேர்வில் முன்னேறிக்கொண்டே போக, தாய்வீட்டு மாடு பின்தங்கியது. சில ஆயிரம் மாடுகளுக்குள் எவ்வளவுதான் தேர்ந்தெடுக்க முடியும்? 2008-ல் தீவின் சட்டசபை மனசு மாறி, வெளிநாட்டு ஜெர்ஸிக் காளைகளின் விந்தை அனுமதித்தது. பாரம்பரியம் போச்சு என்று சிலர் வருந்தினார்கள். பால் கறந்து பிழைக்கிறவர்கள் நிம்மதியானார்கள். கவனியுங்கள், அப்போதும் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கவில்லை. வந்தவன் தன் வீட்டிலிருந்து போனவனின் பேரன்தானா என்று பார்க்கப் பதிவேடு கையில் இருந்தது. நாம் திறந்தபோது நம் கையில் என்ன இருந்தது?

இப்போது கிராமத்துப் பக்கம் போனால் மாட்டின் காதில் மஞ்சள் அட்டை தொங்குவதைப் பார்க்கலாம். 12 இலக்க எண். மாட்டுக்கு ஆதார் என்று கிண்டல் செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். தாமதமாக வந்தாலும் அதுதான் நம் பதிவேட்டின் முதல் வரி. தடுப்பூசிக் கணக்கோடு நின்றுவிடாமல் அந்த எண்ணுக்கு எதிரே அம்மா யார், அப்பா யார், எத்தனை ஈத்து, எத்தனை லிட்டர் என்று எழுதப்பட்டால் காங்கேயத்துக்கும் விடிவு உண்டு, கலப்பினத்துக்கும் உண்டு.

அடுத்த முறை ‘ஜெர்ஸி பசுவே அல்ல’ என்று சேதி வந்தால் அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்க ஊர் மாட்டோட பாட்டி பேரு தெரியுமா?’ ஜெர்ஸித் தீவில் மாடு வைத்திருப்பவர் உடனே எடுத்துச் சொல்வார். ஏட்டைப் பார்த்துத்தான்.